காதை அடைத்தால் கடமை முடிந்ததா?

பதுளை, பசறை, ஹப்புத்தளை மலைகளில் கொழுந்து பறிப்போரின் கூலியைப் பற்றி நாடெங்கும் பேச்சு உண்டு. அக்கொழுந்து போய்ச் சேரும் ஸ்டோருக்குள் நின்று உழைப்போரின் காதைப் பற்றிப் பேசுவார் இலர். வாட்டும் விசிறிகளும், சுருட்டும் உருளைகளும், உலர்த்தும் இயந்திரமும், சல்லடைகளும் ஒரே கூரையின்கீழ் இரைகின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு உலகச் சந்தை விலை தருகிறது. இரைச்சலுக்கு விலை தருபவன் தொழிலாளி.

"காதடைப்பான் கொடுத்துவிட்டோமே" என்று நிர்வாகங்கள் கூறக்கூடும். கொடுப்பது நன்றே. ஆயின் அது எவ்வளவு காக்கிறது?

ஆய்வுகூடத்தில் 30 டெசிபல் குறைக்கும் நுரை அடைப்பான், தொழிலாளியின் காதில் அவ்வளவு குறைப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பாதியாக்கியே கணக்கிட வேண்டுமென அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கூறியது. அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். இதைச் செய்து காட்டாது கையில் கொடுத்தனுப்புவது பாதுகாப்பு ஆகாது.

இன்னுமொரு கணக்கைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் அதைக் கழற்றி வைத்தால், 30 டெசிபல் காப்பு 9 ஆகச் சுருங்கும். நான்கு மணி நேரம் கழற்றினால் எஞ்சுவது வெறும் 3! இயந்திரத்தின் ஒலி மாறுகிறதா என்று கேட்கவும், டீமேக்கரின் குரலுக்கு மறுமொழி சொல்லவும் அவன் அதைக் கழற்றியே ஆகவேண்டும். அதை அவன் குற்றமாக்குவது நீதியா?

தேயிலை ஸ்டோரும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே நாம் கேட்பவை நான்கு. தேய்ந்த பேரிங்குகளை மாற்றி, தளர்ந்த தகடுகளை இறுக்கி, விசிறிகளுக்கு உறையிட்டு, இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைத்தல் முதலாவது. இரைச்சலை அளந்து, அளவைச் சுவரில் எழுதி வைத்தல் இரண்டாவது. அடைப்பானைப் பல அளவுகளில் வழங்கி, அணியும் முறையைப் பழக்குதல் மூன்றாவது. வேலைக்குச் சேரும் நாளிலும் பின் ஆண்டுதோறும் செவிப்புலனைச் சோதித்து, அதன் பிரதியைத் தொழிலாளியிடம் கொடுத்தல் நான்காவது.

நான்காவதை வழக்கறிஞன் என்ற முறையில் வற்புறுத்துகிறேன். இரைச்சலால் வரும் செவிடு ஒரே நாளில் வருவதன்று. மெல்லிய உயர்ந்த ஒலிகள் முதலிற் போகும், போனது மீளாது. இருபது ஆண்டுகளின்பின் நட்டஈடு கேட்டு வருபவனிடம், "முதுமையால் வந்ததன்று என்பதற்குச் சான்று எங்கே?" என்பார்கள். முதல் நாட் சோதனைத் தாளே அவனுடைய சாட்சி.

நெல் ஆலையில் நிற்பவருக்கும், உழவு இயந்திரம் ஓட்டும் விவசாயிக்கும் இதே கணக்குத்தான். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் கூலியோடு காதையும் வைக்கட்டும். ஓய்வுபெற்று லயத்துக்குத் திரும்புபவன் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்க வேண்டாமா?