ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்



தலைப்பில் இருக்கும் வரியை நீங்க ஏற்கெனவே எங்கேயோ படிச்சிருப்பீங்க. செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரத்தில் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு டிரைவ் லிங்க் வரும். உள்ளே ஒரு ஜிப் ஃபைல், கூடவே ஒரு ரீட்மி. ரீட்மியின் முதல் வரி அதுதான். இரண்டாவது வரி, ஜிப்பின் பாஸ்வேர்டு 1234. மூன்றாவது, ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுக்கவும். யாராவது பயந்துபோய் "வைரஸ்னு காட்டுதே" என்று கேட்டால், "ஃபால்ஸ் பாசிட்டிவ் ப்ரோ, தைரியமா போடு" என்று பதில் வரும்.

அந்த மூணு வரியையும் நிதானமா திரும்பப் படிச்சுப் பாருங்க. முதல் வரி வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுது. இரண்டாவது எதுக்கு? இலவசமா கொடுக்கிற ஃபைலுக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா? பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் மெயிலோட ஸ்கேனரோ டிரைவோட ஸ்கேனரோ எட்டிப் பார்க்க முடியாது, அதுக்காகத்தான் அந்தப் பூட்டு. மூணாவது வரி வீட்டுச் சாவிக்கொத்தையே கேட்குது. இவ்வளவு வெளிப்படையா எழுதிக் கொடுத்தும் நாம சொன்னபடியே செய்றோம்.

நம்ம லேப்டாப்பில் மால்வேர் புகுந்துடுச்சுன்னு சொல்றோமே, பெரும்பாலும் நாமதான் அதைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். அதே சமயம், இதை மாணவர்களோட பொறுப்பின்மை என்று சொல்லி முடிச்சிடறதும் நியாயமில்லை. கல்லூரிக்கும் இதில் பங்கு இருக்கு.

முதல்ல பாடப்புத்தகத்துக்கு வருவோம். வைரஸுக்கும் வார்முக்கும் என்ன வேறுபாடு? 2 மார்க். பதில் எல்லாருக்கும் மனப்பாடம். வைரஸ் இன்னொரு புரோகிராமோடு ஒட்டிக்கிட்டுப் போகும், அந்தப் புரோகிராம் ஓடினால்தான் அதுவும் ஓடும். வார்ம் நெட்வொர்க் வழியே தானாகவே பரவும். ட்ரோஜன் நல்ல சாஃப்ட்வேர் வேஷத்தில் வரும். எல்லாம் சரிதான். ஆனா இந்த மூணும் மால்வேர் எப்படி வருதுங்கிறதை வெச்சுப் பிரிச்சது. ரான்சம்வேர், ஸ்பைவேர், ஸ்டீலர் என்பதெல்லாம் வந்த பிறகு என்ன செய்யுதுங்கிறதை வெச்சுப் பிரிச்சது. நாம ரெண்டையும் கலந்து 1, 2, 3 என்று ஒரே பட்டியலில் எழுதி மார்க் வாங்கிடறோம். அதனால, ட்ரோஜனா வந்த ஒரே ஃபைல் முதல்ல பாஸ்வேர்டைத் திருடி, அப்புறம் டிஸ்க்கையே பூட்டலாம் என்பது மண்டையில் ஏறுவதே இல்லை.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் வைரஸ் 1986-ல் வந்த 'பிரெய்ன்'. எழுதினவங்க பாகிஸ்தானின் லாகூரில் சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்த பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள். தங்களோட மருத்துவ சாஃப்ட்வேரைக் காசு கொடுக்காமல் காப்பி அடிக்கிறவங்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்று அவங்களே சொல்லியிருக்காங்க. ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் உட்கார்ந்த அந்த வைரஸுக்குள் அவங்க கடை முகவரியும் ஃபோன் நம்பரும்கூட இருந்தது! ஆக, பிசி வைரஸோட கதை திருட்டுக் காப்பியில்தான் தொடங்குது. இன்றைக்கும் அந்த வழி மூடப்படவில்லை.

சரி, டபுள் கிளிக் பண்ணினதும் என்ன நடக்குது? பல சமயம் கிராக் உண்மையிலேயே வேலை செய்யும். சாஃப்ட்வேர் திறக்கும், நீங்க சந்தோஷமா அசைன்மென்ட்டை ஆரம்பிப்பீங்க. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சீனியர்கள் சொல்றது இதை வெச்சுத்தான். பின்னாடி இன்னொரு புரோகிராம் ஓடி முடிஞ்சிருக்கும். ஸ்டீலர் வகை மால்வேருக்கு உங்க கம்ப்யூட்டரில் குடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சில நிமிஷத்தில் எடுக்க வேண்டியதை எடுத்துக்கிட்டு, தன்னையே டெலிட் பண்ணிக்கிட்டுப் போகக்கூடிய வகைகளும் இருக்கு. அப்புறம் ஸ்கேன் பண்ணினா எதுவும் கிடைக்காது.

அது எதை எடுக்குது? பிரவுசரில் 'சேவ் பாஸ்வேர்டு' கொடுத்து வெச்சதை எல்லாம். அதெல்லாம் என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கு என்று கேட்பீங்க. ஆகித்தான் இருக்கு. ஆனா நீண்ட காலமாக அந்தச் சாவி உங்க விண்டோஸ் லாகினோடு கட்டப்பட்ட சாவி. நீங்க லாகின் பண்ணியிருக்கும்போது, உங்க பேரில் ஓடுற ஒரு புரோகிராம் கேட்டால் விண்டோஸ் திறந்து கொடுத்துடும். கேட்கிறது பிரவுசரா, பிரவுசர் வேஷம் போட்ட வேற ஒருத்தனா என்று அது பார்க்கிறதில்லை. இதைத் தடுக்க பிரவுசர்களில் பின்னாடி சில பாதுகாப்புகள் வந்திருக்கு. ஆனா நீங்கதான் அட்மின் உரிமையைக் கையில் கொடுத்தாச்சே!

பாஸ்வேர்டைவிட மோசம் குக்கீ. மெயிலில் ஒருமுறை லாகின் பண்ணி, ஓடிபி போட்டு முடிச்சதும், சர்வர் உங்க பிரவுசருக்கு ஒரு சீட்டு கொடுக்கும். அடுத்த முறை ஓடிபி கேட்காமல் உள்ளே விடறது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். ஸ்டீலர் அதைத் தூக்கிக்கிட்டுப் போய் வேற கம்ப்யூட்டரில் வெச்சால், அங்கேயும் நீங்கதான் லாகின் ஆகியிருக்கிற மாதிரி ஆயிடும். உங்க ஃபோனுக்கு ஓடிபியே வராது. ஓடிபி இருக்கே, நமக்கென்ன என்று இருக்கிறவங்க இந்த ஒரு பாராவை மட்டுமாவது இன்னொரு முறை படிங்க. 'ரெட்லைன்' என்ற ஸ்டீலரை மாதச் சந்தாவுக்கு வாடகை விட்டுச் சம்பாதிச்சாங்க. 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் மற்ற நாடுகளோடு சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றினது. ஒண்ணை மூடினா இன்னொண்ணு முளைக்கிற வியாபாரம் இது.

அடுத்தது ரான்சம்வேர். எங்க ஹாஸ்டலில் ஒரு ஃபைனல் இயர் நண்பனுக்கு இரண்டாவது ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது நடந்தது. ரிப்போர்ட், கோட், சென்சார் ரீடிங் எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் புதுசா நாலு எழுத்து சேர்ந்திருந்தது. எதைத் திறந்தாலும் குப்பை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். கேட்ட தொகை அவன் வீட்டின் ரெண்டு மாத வருமானத்துக்கும் மேல். அவன் போட்டது ஒரு வீடியோ எடிட்டரோட கிராக், அதுவும் டிபார்ட்மென்ட் சிம்போசியம் டீசருக்காக.

அது 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவியு' என்று சொல்லப்படும் குடும்பம். பெரிய கம்பெனிகளைக் குறிவைக்காமல், கிராக், கீஜென் தேடுற சாதாரண ஆட்களை வெச்சே வளர்ந்த ரான்சம்வேர். வேலை செய்ற விதம் நாம கிரிப்டோகிராஃபியில் படிச்சதேதான். ஃபைல்களை வேகமான சிமெட்ரிக் சாவியால் பூட்டி, அந்தச் சாவியை அவங்களோட பப்ளிக் கீயால் பூட்டும். பிரைவேட் கீ அவங்க கிட்ட மட்டும். தப்புச் செய்றவனும் நம்ம சிலபஸைத்தான் படிச்சிருக்கான், நம்மைவிட நல்லாப் படிச்சிருக்கான். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதோட 148 வகைகளுக்கு இலவச டிகிரிப்டர் வெளியிட்டது. பழைய வகைகள் பலதுக்கு அதனால வழி கிடைச்சது. புதிய வகைகளில், தாக்கும் நேரத்தில் சர்வரிலிருந்து தனிச் சாவி வாங்கியிருந்தால் ஃபைலைத் திறக்க வழியில்லை. நண்பனுக்கு நடந்தது அதுதான். கைடுக்கு மெயில் பண்ணியிருந்த ஒரு பழைய டிராஃப்ட் மட்டும் மிஞ்சியது.

விண்டோஸே கிராக் என்றால் இன்னொரு தலைவலி. ஆக்டிவேஷன் போயிடும்னு பயந்து அப்டேட்டை நிரந்தரமா ஆஃப் பண்ணி வெச்சிருப்போம். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' கிளம்பினப்போ, அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே பேட்ச் கொடுத்திருந்தது. கிட்டத்தட்ட 2 மாதம் அவகாசம் இருந்தும் பேட்ச் போடாத கம்ப்யூட்டர்களில் அது நெட்வொர்க் வழியே தானே தாவினது. யாரும் எதையும் கிளிக் பண்ணத் தேவைப்படல. ஒரே வைஃபையில் 200 லேப்டாப் இருக்கிற ஹாஸ்டலில், அப்டேட் ஆஃப் பண்ணின ஒரு மெஷின் என்பது பக்கத்து ரூம்காரனோட பிரச்சனையும்தான்.

பென் டிரைவ், காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடை, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறுறது பத்தி நான் எழுத வேண்டியதில்லை. நீங்களே ஆளுக்கொரு கதை வெச்சிருப்பீங்க. பிரின்ட் எடுக்க பிடிஎஃப்பை மெயிலில் அனுப்புங்க, அவ்வளவுதான். ஃபைல் பேரைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. 2000 மே மாதம் உலகத்தையே கலக்கின 'ஐ லவ் யூ' வார்மை எழுதினவர் மணிலாவில் கம்ப்யூட்டர் படிச்சுக்கிட்டிருந்த ஓனெல் டி குஸ்மான். மெயிலோடு வந்தது ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல். ஆனா விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷனை மறைச்சுக் காட்டினதால, பார்க்கிறவங்களுக்கு அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாத் தெரிஞ்சது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே ஃபைல் வருதே, அதுவும் அதே வித்தைதான். பத்திரிகைக்கு எதுக்கு எஸ்எம்எஸ் படிக்கிற பெர்மிஷன்?

இப்போ கல்லூரி பக்கம். காசு கொடுத்து வாங்க வசதி இருந்தும் கிராக் போடுறவன் நம்ம கிளாஸில் எத்தனை பேர்? சாஃப்ட்வேர் லைசென்ஸ் லேப் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கு. லேப் நாலரைக்குப் பூட்டிடுவாங்க. அசைன்மென்ட் நாளைக் காலைக்குள் வேணும். மேனுவலில் குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேரோட ஸ்கிரீன்ஷாட் இருந்தால்தான் மார்க். இந்த நாலையும் கூட்டினால் விடை கிராக்தான் வரும். மாணவர்களுக்கு வருஷா வருஷம் 'சைபர் விழிப்புணர்வு வாரம்' நடத்தி உறுதிமொழி எடுக்க வைக்கிறதைவிட, லேபை இரவு 8 மணி வரைக்கும் திறந்து வெச்சால் பலன் அதிகம் என்பது என் கருத்து.

இன்னொண்ணு, மாற்று இல்லாமல் இல்லை. ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்குது, காலேஜில் படிக்கிறதுக்கான சான்று காட்டினால் போதும். மேட்லேபுக்குப் பதில் ஆக்டேவ் அல்லது சைலேப், சர்க்யூட் போர்டுக்கு கைகேட், மெக்கானிக்கல் ஆட்களுக்கு ஃப்ரீகேட். ஐஐடி பாம்பேயின் ஃபாஸி திட்டம் கல்லூரிகளில் இந்த மாதிரி சாஃப்ட்வேர்களைக் கொண்டுவரத்தான் இயங்குது. அங்கே உருவான ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள் தமிழிலும் இருக்கு. மேட்லேபில் செய்ற எல்லாத்தையும் ஆக்டேவில் செய்ய முடியாது, உண்மைதான். முக்கியமா சிமுலிங்க் மாடல்கள் ஓடாது. ஆனா நம்ம மூணாவது செமஸ்டர் லேப் எக்ஸ்பெரிமென்ட்டில் பாதிக்கு மேல் மேட்ரிக்ஸும் பிளாட்டும்தான். "எந்த டூலில் செஞ்சாலும் ஏத்துக்கலாம்" என்று மேனுவலில் ஒரு வரி சேர்க்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பைசா செலவில்லை. கிளாஸ் ரெப்கள் அடுத்த மீட்டிங்கில் இதைக் கேட்கணும்.

ஏற்கெனவே போட்டாச்சே, இப்போ என்ன பண்றதுன்னு கேட்கிறவங்களுக்கு: அந்த லேப்டாப்பிலிருந்து பாஸ்வேர்டு மாத்தாதீங்க, புதுசையும் சேர்த்துத் திருடும். ஃபோனிலிருந்து முதல்ல மெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, 'எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட்' கொடுங்க. திருடின குக்கீ செல்லாமல் போக அதுதான் வழி. மெயில் செட்டிங்ஸில் உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டிங் முகவரி, ரிக்கவரி நம்பர் இருக்கான்னு பாருங்க. அப்புறம் டாக்குமென்ட், கோட், ஃபோட்டோ மட்டும் வெளியே எடுத்துட்டு விண்டோஸைச் சுத்தமா புதுசா போடுங்க. பேக்கப்பில் அந்த ஜிப்பையும் சேர்த்து எடுக்கிற புண்ணியவான்கள் இருக்காங்க, வேண்டாம். ஃபைல் பூட்டியிருந்தால் பணம் அனுப்பாமல், ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் சேர்ந்து நடத்துற 'நோ மோர் ரான்சம்' தளத்தில் ஒரு ஃபைலைப் போட்டு டிகிரிப்டர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னாலும் பூட்டின ஃபைல்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வெச்சிருங்க, பின்னாடி சாவி வெளிவர வாய்ப்பு உண்டு. அக்கவுன்ட்டில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு ஃபோன் பண்ணுங்க.

உங்ககிட்ட இருந்து அந்த லிங்க்கை வாங்கினவங்க யார் யார்னு ஞாபகம் இருந்தால், அவங்களுக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க.