குமுளி முதல் தோஹா வரை: எல்லை யாருக்குத் திறக்கிறது?

விடியும் முன்பே கம்பம், கூடலூர்ப் பகுதிகளில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைப்பாதையில் வளைந்து ஏறும் அந்த ஜீப்புகள், குமுளிச் சோதனைச் சாவடியைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பிரிந்து செல்கின்றன. மாலையில் அதே வழியாகத் திரும்புகின்றன. அதே சாலையில் தேக்கடிப் படகுத்துறையைத் தேடி வெளிநாட்டவரும் வருகிறார்கள். அவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் என்று பெயர். விருந்தினருக்குரிய மரியாதை கிடைக்கிறது. நாள்தோறும் இரண்டு முறை எல்லை கடக்கும் தோட்டத் தொழிலாளியை எவரும் பயணி என்று அழைப்பதில்லை.

குமுளியில் இருப்பது ஒரே நாட்டுக்குள் இருக்கும் மாநில எல்லை. கடவுச்சீட்டோ விசாவோ அங்கே தேவையில்லை. ஆயினும் எல்லை என்பது யாருக்காகத் திறக்கிறது, யார் முன் அடைபடுகிறது என்பதை அறிந்துகொள்ள அந்த ஊர் போதும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொந்தளித்தபோது அந்தச் சாலை அடைபட்டது. கேரளத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சத்தில் குடும்பத்தோடு மலையிறங்கினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது மீண்டும் எல்லை மூடப்பட்டது. நுழைவு அனுமதி பெற முடியாத தினக்கூலிகளுக்கு வேலையும் கூலியும் ஒருசேர நின்றுபோயின.

நாடுகளுக்கு இடையிலான எல்லைகளிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடக்கிறது. விளையாட்டு ரசிகரின் பயணத்தில் அது பளிச்செனத் தெரிகிறது. தாம் நேசிக்கும் அணியின் ஆட்டத்தை நேரில் காண ஒருவர் இன்னொரு நாட்டுக்குப் போவதில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. போட்டி முடிந்ததும் திரும்பிவிடுகிறார். அவருக்கும்கூட எல்லை ஒரே மாதிரித் திறப்பதில்லை.

ஆற்றில் நின்ற மெஸ்ஸி

உலகக் கோப்பைக் காலத்தில் கேரளத்தின் தெருக்கள் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகளால் நிறைந்துவிடும். 2022இல் கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸியின் பேருருவப் பதாகையை ரசிகர்கள் நிறுத்தினார்கள். போட்டியாக நெய்மாரும் ரொனால்டோவும் எழுந்தார்கள். கொச்சியில் 17 நண்பர்கள் உலகக் கோப்பை ஆட்டங்களை ஒன்றாக அமர்ந்து தொலைக்காட்சியில் பார்ப்பதற்காகவே 23 லட்சம் ரூபாய் திரட்டி ஒரு வீட்டை வாங்கினார்கள். இதைப் பித்து என்று சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இந்திய அணி தகுதி பெறாத போட்டியில், உலகின் மறுகோடியில் உள்ள ஒரு நாட்டின் கொடியை இங்குள்ள உழைப்பாளியின் பிள்ளை உரிமையோடு ஏந்துகிறான் என்பதில் எல்லையைத் தாண்டிய ஒரு மனம் இருக்கிறது. அந்த மனம் பயணம் போக முற்படும்போதுதான் தடைகள் தொடங்குகின்றன.

அந்த ஆண்டு உலகக் கோப்பை கத்தாரில் நடந்தது. போட்டிகள் நடந்த எட்டு அரங்குகளில் ஏழு புதிதாகக் கட்டப்பட்டவை. அவற்றையும், அவற்றைச் சுற்றிய சாலைகளையும் மெட்ரோவையும் எழுப்பியவர்களில் பெரும்பகுதியினர் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் உழைப்பாளிகள்.

அந்த உழைப்பாளி கத்தாரின் எல்லையைக் கடந்த விதம் வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். தரகருக்குக் கொடுக்கக் கடன் வாங்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு, 'கஃபாலா' என்னும் முறையின்படி அவருடைய தங்கும் உரிமை முதலாளியின் கையில் இருந்தது. முதலாளி இசையாமல் வேலை மாறவும் முடியாது. நெடுங்காலம் நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாது. கடவுச்சீட்டைப் பிடுங்கி வைப்பது சட்டப்படி குற்றமாக இருந்தும் நடைமுறையில் தொடர்ந்தது. சர்வதேசத் தொழிற்சங்கங்களின் நெருக்குதலுக்குப் பிறகே, 2020இல் முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் வேலை மாறும் உரிமை சட்டமாயிற்று. 2021 மார்ச்சில்தான் மாதம் 1,000 ரியால் என்ற குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது.

போட்டியைக் காண வந்த ரசிகருக்கோ 'ஹய்யா' அட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிப் பதிவு செய்தவருக்கு அதுவே விசா. அதுவே மெட்ரோப் பயணச்சீட்டு. பணம் கொண்டு வருபவருக்கு ஓர் எல்லையைச் சில நாட்களில் திறந்துவிட முடியும் என்று ஓர் அரசு காட்டிய பிறகு, உழைப்பைக் கொண்டு வருபவருக்கு அதே எல்லை ஏன் இத்தனை இறுக்கமாக இருந்தது என்ற கேள்விக்குப் பாதுகாப்பு என்னும் பதில் செல்லுபடியாகாது.

2010 முதல் பத்தாண்டுகளில் தெற்காசியாவின் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கத்தாரில் இறந்தார்கள் என்று 2021இல் பிரிட்டனின் 'கார்டியன்' நாளேடு எழுதியது. எல்லா இறப்புகளும் அரங்கப் பணியில் நேர்ந்தவை அல்ல என்று கத்தார் மறுத்தது. உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே, அது தொடர்பான பணிகளில் 400 முதல் 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்று போட்டி அமைப்புக் குழுவின் தலைமைப் பொறுப்பாளரே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், சவப்பெட்டியில் எல்லை கடந்து ஊர் திரும்பியவர்கள் அரங்குகளுக்குள் ரசிகராக ஒருமுறையும் அமராதவர்கள்.

'போலி ரசிகர்கள்'

உயிரோடு இருந்தவர்கள் ரசிகராக வெளியே வந்தபோது என்ன நடந்தது? 2022 நவம்பரில், போட்டி தொடங்கும் முன், தோஹாவின் தெருக்களில் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்துச் சட்டைகளை அணிந்து மேளதாளத்துடன் ஊர்வலங்கள் போயின. அவற்றில் பெருந்திரளாக இருந்தவர்கள் அங்கே வேலை செய்யும் மலையாளிகளும் பிற இந்தியர்களும். ஐரோப்பிய ஊடகங்கள் சில, இவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட போலி ரசிகர்களாக இருக்கலாம் என்று எழுதின. இங்கிலாந்து அணியின் ரசிகர் கறுத்த முகத்தோடு இருக்க முடியாது என்பதே அதன் பொருள். புல்லாவூர் ஆற்றைப் பார்த்த எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

கால்பந்தை ஆளும் ஃபிஃபாவின் தலைவர் அந்தச் செய்திகளை இனவெறி என்று கண்டித்தார். கண்டனம் சரியே. ஆனால் அரங்கு கட்டிய தொழிலாளிக்கு நேர்ந்ததை இரண்டாம்பட்சமாக்கிய அமைப்பின் வாயிலிருந்து அது வந்தது. கத்தாரில் வசிப்போருக்கென 40 ரியாலுக்கு, அதாவது ஏறத்தாழ 900 ரூபாய்க்கு, ஒதுக்கப்பட்ட மலிவுச் சீட்டுகளால் தொழிலாளர்கள் பலர் ஆட்டம் பார்க்க முடிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உலகக் கோப்பையின் இருக்கைகளில் உழைப்பாளிகள் அமர்வது நடக்கக்கூடியதே என்று அது காட்டியது. அப்படி நடப்பதற்கு விலையும் விசாவும் வழிவிட வேண்டும்.

ஆட்டக்காரர் வரலாம், ரசிகர் வரக்கூடாது

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும் 2026 உலகக் கோப்பைக்கான ஏற்பாடுகள் இந்தப் பாகுபாட்டை ஒளிவுமறைவின்றிச் சட்டமாக்கின. 2025 ஜூனில் டிரம்ப் பிறப்பித்த ஆணை, ஈரான், ஹெய்ட்டி உள்ளிட்ட 12 நாடுகளின் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்தது. உலகக் கோப்பையிலும் ஒலிம்பிக்கிலும் பங்கேற்கும் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் விலக்கு. ரசிகர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

ஈரான் தகுதி பெற்றது. ஹெய்ட்டி 1974க்குப் பிறகு முதன்முறையாகத் தகுதி பெற்றது. அரை நூற்றாண்டு காத்திருந்த ஒரு நாட்டின் பதினொருவர் திடலில் இறங்கலாம். அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஊரிலிருந்து ஒருவரும் வரக்கூடாது என்பதே அந்த ஆணையின் சாரம். 2025 டிசம்பரில் கட்டுப்பாடுகள் விரிவாக்கப்பட்டபோது, தகுதி பெற்றிருந்த செனகலும் ஐவரி கோஸ்ட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதே மாதத்தின் தொடக்கத்தில்தான் ஃபிஃபா தனது முதல் 'அமைதிப் பரிசை' டிரம்ப்புக்கு வழங்கியிருந்தது.

தடைப் பட்டியலில் இல்லாத நாடுகளின் நிலைமையும் சமமில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளைச் சேர்ந்தவர் விசா இன்றி, இணையவழி முன்பதிவோடு போகலாம். இந்தியரோ விண்ணப்பக் கட்டணம் செலுத்தி, நேர்காணலுக்குக் காத்திருந்து, சொத்தும் வருமானமும் காட்டி, தாம் திரும்பி வருவோம் என்று நிரூபிக்க வேண்டும். போதாதென்று, விசா பெறுவோரிடம் மேலும் 250 டாலர் வசூலிக்க 2025 ஜூலையில் ஒரு சட்டமும் வந்தது. ஏழைகளின் விளையாட்டு என்று பெயர் பெற்ற கால்பந்தின் வாயிலில் வங்கிக் கணக்குப் புத்தகம் கேட்கப்படுகிறது.

வாகா அன்றும் இன்றும்

ஏகாதிபத்திய நாடு இப்படி நடந்துகொள்வதில் வியப்பில்லை என்று சொல்லிவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. இந்தத் துணைக்கண்டத்தின் எல்லையும் இதே கேள்வியை எழுப்புகிறது.

1955இல் இந்திய அணி லாகூரில் டெஸ்ட் ஆடியபோது, பிரிவினையின் ரத்தம் உலர்ந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வாகா எல்லையைக் கடந்து போய் ஆட்டம் பார்த்தார்கள். 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி வந்தபோது, சிவசேனையினர் டெல்லியின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். அதே மாதம் 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த அணி அரங்கை வலம்வந்து நன்றி சொன்னது. 2004இல் இந்தியா பாகிஸ்தான் சென்றபோது ஆயிரக்கணக்கான இந்திய ரசிகர்களுக்கு விசா கிடைத்தது. லாகூரில் பல கடைக்காரர்கள் அவர்களிடம் காசு வாங்க மறுத்தார்கள்.

2023 உலகக் கோப்பையில் நிலைமை தலைகீழாயிற்று. பாகிஸ்தான் அணி இந்தியா வந்தது. ரசிகர்களுக்கு விசா கிடைக்கவில்லை. அகமதாபாத் அரங்கில் லட்சம் பேர் நீலச்சட்டையில் அமர்ந்திருக்க, எதிரணிக்குக் கைதட்ட ஆளில்லை. ஆட்டமிழந்து திரும்பிய முகமது ரிஸ்வானை நோக்கி மத முழக்கம் எழுந்தது. பக்கத்து இருக்கையில் லாகூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அமர்ந்திருந்தால் அந்த முழக்கம் எழுவது அத்தனை எளிதாக இருந்திருக்காது. எதிரணி ரசிகரின் இன்மையில்தான் வெறுப்பு வளர்கிறது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் அப்பாவி மக்களைப் பயங்கரவாதிகள் கொன்றது மன்னிக்க முடியாத குற்றம். குற்றவாளிகளைத் தண்டிப்பதும், எல்லை கடப்போரை ஒவ்வொருவராகச் சோதிப்பதும் அரசின் கடமை. ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் கதவடைப்பது அந்தக் கடமைக்கு மாற்றாகாது. அட்டாரி எல்லை மூடப்பட்ட அதே ஆண்டு செப்டம்பரில், துபாயில் நடந்த ஆசியக் கோப்பையில் இரு அணிகளும் மூன்று முறை மோதின. ஒளிபரப்பு உரிமையும் விளம்பரப் பணமும் நிற்கவில்லை. ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொள்வது மட்டும் நின்றது. உறவே கூடாதென்றால் ஆட்டம் எதற்கு? ஆட்டம் இருக்கலாமென்றால் மக்கள் சந்திப்பதில் என்ன தவறு? இந்தக் கேள்விகளைக் கிரிக்கெட் வாரியமும் ஒன்றிய அரசும் எதிர்கொள்ளவே இல்லை.

குமுளியில் தொடங்க வேண்டிய வேலை

சர்வதேசப் போட்டியை நடத்தும் நாடு, பங்கேற்கும் எல்லா நாட்டு ரசிகர்களுக்கும் பாகுபாடற்ற நுழைவு தர வேண்டும். தர மறுக்கும் நாட்டுக்குப் போட்டியை வழங்கக்கூடாது. அரங்கு கட்டும் புலம்பெயர் தொழிலாளியின் சங்க உரிமையும் ஊதியமும் போட்டி ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ரசிகர்கள் பரஸ்பரம் வந்துபோக எளிய விசா முறை வேண்டும். இவற்றைக் கோருவது விளையாட்டுப் பிள்ளைத்தனம் என்று தோழர்கள் எவரேனும் நினைத்தால், தெருமுனையில் உலகக் கோப்பைப் பதாகை கட்டும் இளைஞர்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அவர்களிடம் இருக்கும் எல்லை கடந்த பற்றை மதவெறி அரசியல் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறது.

வாகாவைப் பற்றிப் பேசும் குரலுக்கு வலிமை வர வேண்டுமானால், அது முதலில் குமுளியில் ஒலிக்க வேண்டும். அணைப் பிரச்சினையில் இரு மாநில இடதுசாரிகளும் தத்தம் மாநிலத்தின் நிலைப்பாட்டையே பேசினார்கள் என்பது மறைக்கக்கூடிய செய்தி அன்று. நீரைப் பற்றிக் கருத்து வேறுபடலாம். அதை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்க்கலாம். ஆனால் ஏலத்தோட்டத்துப் பெண் அச்சமின்றிப் போய்வருவதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இரு மாநிலத் தோட்டச் சங்கங்களும் ஒரே கோரிக்கைப் பட்டியலோடு அந்தச் சாவடியின் இரு புறமும் நிற்குமானால், அடுத்த கொந்தளிப்பில் அந்தச் சாலை அத்தனை எளிதில் அடைபடாது.