வளையத்தில் ஒரு விலாசம்



ஐப்பசி மழை தொடங்கியதும் நம் கோவை வட்டாரத்துக் குளங்களுக்கு வெளியூர் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். சிங்காநல்லூர், உக்கடம், சூலூர் குளங்களின் சேற்றுக் கரையைக் கவனித்துப் பாருங்கள். குடுகுடுவென்று ஓடி ஓடி எதையோ கொத்தும் ஒரு குட்டிப் பறவை கண்ணில் படலாம். அதன் பெயர் கொசு உள்ளான். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் எடை! அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடமோ ஆர்க்டிக் கடலையொட்டிய வடகோடியில், ரஷ்யாவில் இருக்கிறது.

"ரஷ்யாவிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? அதுவே வந்து சொன்னதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அது சொல்லாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த கதை சுவையானது.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள்கூட, தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் குளத்துச் சேற்றுக்குள் புகுந்து தூங்குகின்றன என்று நம்பினார்கள். 1822-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு நாரையைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் நீளமான ஓர் ஈட்டி குத்தியபடியே இருந்தது. அந்த ஈட்டி ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டது! ஆப்பிரிக்காவில் யாரோ எறிந்த ஈட்டியைச் சுமந்துகொண்டே அந்தப் பறவை ஜெர்மனி வரை பறந்து வந்திருக்கிறது. பாவம், அதன் வேதனையால்தான் ஓர் உண்மை நமக்குத் தெரிந்தது. பாடம் செய்யப்பட்ட அந்த நாரையை ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

ஈட்டி இல்லாமல், பறவைக்குத் துன்பம் தராமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாதா? டென்மார்க் நாட்டில் வீபோர்க் என்ற ஊரில் ஒருவர் இதற்கு வழி கண்டார். ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் என்பது அவர் பெயர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். (நானும் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்!) முதலில் அவர் துத்தநாகத்தில் வளையம் செய்து பார்த்தார். அது கனமாகிவிட்டது. பிறகு எடை குறைந்த அலுமினியத்துக்கு மாறினார். 1899-ஆம் ஆண்டு 165 ஸ்டார்லிங் பறவைகளின் காலில் ஊர்ப் பெயரும் எண்ணும் பொறித்த வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். நம் சோளக்காட்டுக்குக் கூட்டமாக வரும் சூறைக்குருவி இருக்கிறதே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன்தான் இந்த ஸ்டார்லிங். உலகம் முழுவதும் பறவைகளுக்கு முறையாக வளையமிடும் வேலை அந்த ஆசிரியரிடமிருந்துதான் தொடங்கியது.

நம் நாட்டில் இந்தப் பணியைப் பெரிய அளவில் செய்வது 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மக்களுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. கிருமியைப் பரப்பியது உண்ணி. அந்தக் கிருமி ரஷ்யாவில் இருந்த ஒரு கிருமியை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உண்ணிகள் இங்கே வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. இதை ஆராய உலக சுகாதார நிறுவனம் உதவ, 1959-இல் டாக்டர் சலீம் அலி தலைமையில் வளையமிடும் பணி விரிவடைந்தது. பறவை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை என்பது புரிகிறதா?

நம் தமிழ்நாட்டில் இந்தப் பணிக்குப் பெயர்பெற்ற இடம் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடிக்கரை. உப்பளங்களும் சதுப்பும் நிறைந்த அந்தக் கடற்கரைக்கு ஆயிரக்கணக்கில் உள்ளான்கள் வரும். அங்கே பறவை பிடிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் போதாது. பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்பவர்களைக் கழகம் வேலைக்கு அமர்த்தியது. முன்பு பறவைகளைப் பிடித்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள் அவை. ஓர் இறகும் உதிராமல் பிடிக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களில் அலி உசேன் என்பவர் மிகவும் புகழ்பெற்றவர். ஆராய்ச்சியாளர்கள் அவர் பக்கத்தில் நின்று தொழில் கற்றார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் ஆசிரியர் இருப்பார் என்று நினைக்காதீர்கள்!

சரி, வளையமிடுவது எப்படி? விடியும் முன்பே வலை கட்ட வேண்டும். முடி போன்ற மெல்லிய நூலால் ஆன வலை அது. செடிகளுக்கு நடுவே கட்டினால் பறவையின் கண்ணுக்குத் தெரியாது. அரை மணிக்குள் ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும். மழை வந்தாலும் வெயில் ஏறினாலும் வலையைச் சுருட்டிவிட வேண்டும். சிக்கிய பறவையை எடுத்து, மெல்லிய துணிப்பையில் போட்டு எடை பார்ப்பார்கள். இறக்கையை அளப்பார்கள். வயிற்றுப் பக்கத்து இறகை வாயால் ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போல, நீண்ட பயணத்துக்கு அந்தக் கொழுப்புதான் எரிபொருள். கடைசியில் காலுக்கேற்ற அளவில் வளையம் மாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும்.

பறவையைக் கையில் பிடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருப்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பறவைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் கிடையாது. அதன் நெஞ்செலும்பு அசைந்து கொடுத்தால்தான் மூச்சே விட முடியும். ஆசையாக இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும்! அதனால் பயிற்சி பெற்றவர்கள் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே மென்மையாக வைத்து, உடம்பைக் கூடு போலக் கை மூடிப் பிடிக்கிறார்கள். நீங்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆராய்ச்சியாளரே ஆனாலும் அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிக்க முடியாது.

"என்ன இருந்தாலும் வலை வைத்துப் பிடிப்பது பாவம் இல்லையா?" என்று கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். பறவை பயப்படத்தான் செய்கிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் எப்போதாவது ஒன்று இறந்துபோவதும் உண்டு. ஆகவே காரணமில்லாமல் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அதிலிருந்து கிடைத்த ஒரு விவரமும் வீணாகக் கூடாது. இதுதான் என் கருத்து. பறவையின் காலில் ஏற்றும் கருவியின் எடைக்கும் கணக்கு இருக்கிறது. பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. உங்கள் புத்தகப் பை எத்தனை கிலோ? அதை அப்புறம் பேசுவோம்.

கோவையிலிருந்து தடாகம் சாலையில் மாங்கரையைத் தாண்டி மலையேறினால் ஆனைகட்டி வரும். 1990-இல் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் அது டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி.எஸ். விஜயன். அவர் இங்கே வருவதற்கு முன், ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் நடந்த நீண்ட ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். அங்கே எருமைகள் மேய்வதால் பறவைகளுக்குக் கெடுதல் என்று எண்ணி, 1982-இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். கிராம மக்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின. ஆனால் ஆண்டுக்கணக்காக எழுதிய குறிப்புகள் என்ன காட்டின தெரியுமா? எருமைகள் போனபின் புல் மண்டித் தண்ணீரை மூடிவிட்டது, பறவைகளுக்குத்தான் சிரமம்! எல்லோரும் சரியென்று நினைத்த ஒன்று தவறென்று தெரிந்தது. தெரிந்ததை மறைக்காமல் அறிக்கையில் எழுதினார்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

காட்டில் ஆய்வு செய்வது சினிமாவில் பார்ப்பது போல இருக்காது, கண்ணுகளா. விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். அட்டை கடிக்கும். வழியில் யானை நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வலை காலியாகவே கிடக்கும். "இன்று ஒன்றுமில்லை" என்பதையும் தேதி போட்டு எழுத வேண்டும். பூஜ்யமும் ஒரு விடைதானே! இவ்வளவுக்கும் பிறகும் ஆசை இருந்தால், உதகை அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை சரிப்படாது என்று யாராவது சொன்னால், ஆனைகட்டியில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

வளையமிடுவதில் பாதி வேலையைத்தான் ஆராய்ச்சியாளர் செய்ய முடியும். மீதிப் பாதியைச் செய்பவர், எங்கோ ஓர் ஊரில் அந்தப் பறவையைப் பார்க்கிற முன்பின் தெரியாத ஒருவர். சிறு பறவைகளில் நூறு வளையங்களுக்கு ஒரு தகவல் திரும்பி வந்தாலே பெரிய விஷயம். பறவை எங்கோ கண்காணாமல் இறந்துபோகிறது. அல்லது வளையத்தைக் கண்டெடுத்தவர் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிறார். வேட்டையாடியவராக இருந்தால் பயந்துபோய்த் தூக்கி எறிந்துவிடுகிறார். அந்தப் பறவை வலையில் பட்ட சிரமம் அத்தோடு வீண். வளையத்தின் மேல் 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பொறித்திருப்பதே இதற்காகத்தான். பெரிய பறவைகளுக்குக் கழுத்துப்பட்டையும் வண்ணக் கொடியும் மாட்டுவதுண்டு. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் தென்பட்டது இப்படித்தான் தெரிய வந்தது. தொலைநோக்கியில் யாரோ பொறுமையாக எண்ணைப் படித்தார்கள்!

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் வீட்டுத் திண்ணையிலும் பள்ளி வராந்தாவிலும் வண்ண வண்ணமாய் ஒரு பறவை களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் பறந்து வந்த களைப்பு. கல்லெடுக்கவோ உண்டிவில்லைத் தேடவோ வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பூனை, நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு, பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

இந்தப் பறவையிடமோ, குளக்கரையில் பார்க்கும் வேறு பறவையிடமோ வளையம் இருந்தால் எந்தக் காலில் இருக்கிறது, என்ன நிறம், என்ன எண், எந்த ஊர், என்ன தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர்களின் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றக் கூடாது. இறந்த பறவை என்றால் வெறும் கையால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். விவரங்களை மும்பையில் ஹார்ன்பில் ஹவுஸ் என்ற கட்டடத்தில் உள்ள கழகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறொரு பறவையின் கணக்கில் ஏறிவிடும். எனவே எழுதியபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.