சோர்ந்தவனிடம் முதலில் கேட்க வேண்டியவை





நமது தவறொன்றை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், வயது 21, காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வுக்குத் தம்மை ஆயத்தப்படுத்தி வந்தார். அத்தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். தொடக்கத்தில் 6 நிமிடம் 20 விநாடிகளில் ஓடியவர், மூன்று மாதக் கடும் பயிற்சிக்குப் பின் 6 நிமிடம் 50 விநாடிகளுக்குப் பின்தங்கினார். உணவு இறங்கவில்லை. படுத்தால் உறக்கம் வரவில்லை. ஓதுவதில் மனம் ஒட்டவில்லை என்று நம்மிடம் வந்து தலைகுனிந்து நின்றார்.

அவருடைய நிலைக்கு நான்கு தீர்ப்புகள் கிடைத்தன. ஜிம் பயிற்சியாளர், "சோம்பல்! இன்னும் கூடுதலாகச் செய்தால் உடைந்துவிடும்" என்றார். தாயார் கண்ணேறு என்றார். நண்பர்கள் "டென்ஷன்" என்றனர். நாமோ, "ஈமானில் தளர்ச்சி வந்துவிட்டது தம்பி, தஹஜ்ஜுதை அதிகப்படுத்துங்கள்" என்றோம். வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர், எத்தனை மணி நேரம் உறங்குகிறீர், வீட்டில் என்ன நடக்கிறது என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. இரு தரப்பையும் விசாரியாமல் தீர்ப்பளிக்கும் காஜியை நாம் குறை கூறுவோம். ஆனால், ஒரு மனிதனின் உடலைப் பற்றித் தீர்ப்பளிக்கும்போது அந்த நீதியை மறந்துவிடுகிறோம்.

ஆகவே நாம் வாதிட விரும்புவது இதுதான்: பயிற்சி மிகுந்ததால் வரும் சோர்வு வேறு, வாழ்க்கை நெருக்கடியால் வரும் சோர்வு வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் அறிவுரை கூறுவது நன்மையைச் சேர்ந்ததல்ல, அது உஸ்தாதின் வாயிலிருந்து வந்தாலும் சரியே.

பயிற்சி என்பது என்னவென்று முதலில் விளங்கிக்கொள்வோம். ஓடும்போதும் எடை தூக்கும்போதும் உடல் வலிமை பெறுவதில்லை. அந்நேரத்தில் தசை நார்கள் சிறிதளவு சிதைகின்றன. சேமித்த சக்தி செலவாகிறது. பின்னர் உணவாலும் உறக்கத்தாலுமே அது முன்னைவிடச் சற்று உறுதியாகக் கட்டப்படுகிறது. கட்டுவதற்கு அவகாசம் தராமல் இடித்துக்கொண்டே இருந்தால் சுவர் எழும்பாது. விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் இதைப் படிநிலைகளாகப் பிரித்துள்ளனர். ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து 2013-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை அதனை விளக்குகிறது. சில நாட்களோ ஓரிரு வாரங்களோ ஓய்வெடுத்தால் நீங்கி, முன்னிலும் மேலான திறனைத் தரும் களைப்பு முதல் நிலை. அது பயிற்சியின் இயல்பான பகுதி. மீள்வதற்குப் பல வாரங்கள் முதல் மாதங்கள் வரை பிடிக்கும் களைப்பு இரண்டாம் நிலை. பல மாதங்கள் ஓய்ந்தும் திறன் திரும்பாத நிலையே நோய் என்று சொல்லத்தக்க மிகைப்பயிற்சி. இதை உறுதிப்படுத்தும் தனியொரு இரத்தப் பரிசோதனை இல்லை. மற்ற நோய்கள் இல்லையென்று கண்ட பிறகே மருத்துவர் இம்முடிவுக்கு வர முடியும்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நிலை அரிது. அது பெரும்பாலும் கடுமையாகப் பயிலும் வீரர்களிடம் காணப்படுவது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் ஜிம்முக்குச் செல்லும் ஒருவர், "எனக்கு ஓவர் டிரெய்னிங் ஆகிவிட்டது" என்று கூறினால், அவர் முதலில் பார்க்க வேண்டியது தம் உறக்கத்தையும் கடன் புத்தகத்தையும் குடும்பத்தையுமே. காலையும் மாலையும், வாரத்தில் ஆறு நாள் உடலை வருத்துகிறவர், "எல்லாம் டென்ஷன்தான்" என்று தள்ளிவிட்டால், அவர் பார்க்க வேண்டியது தம் பயிற்சிக் குறிப்பேட்டை. இவ்விருவரும் ஒருவர் மற்றவரின் மருந்தை உண்டுகொண்டிருக்கின்றனர்.

இக்குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டின் அடையாளங்களும் பெரும்பாலும் ஒன்றே: உறக்கக் கேடு, எரிச்சல், பசியின்மை, அடிக்கடி சளி, எதிலும் ஆர்வமின்மை. ஏனெனில், உடலுக்கு நெருக்கடி எந்த வாசல் வழியாக வந்தாலும் அது பதிலளிக்கும் வழி பெரிதும் ஒன்றே. ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-இல் இக்கருத்தை முன்வைத்தார். 1995-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வும் சிந்திக்கத்தக்கது. மறதி நோயுற்ற உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேருக்கும், அச்சுமை இல்லாத, ஒத்த வயதுடைய பெண்கள் 13 பேருக்கும் தோலில் ஒரே அளவான சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பராமரிப்புச் சுமை உள்ளவர்களுக்கு அக்காயம் ஆற ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. மனத்தின் பாரம் தோலின் காயத்தையே தாமதப்படுத்துமென்றால், பயிற்சியால் களைத்த தசையை மட்டும் அது விட்டுவிடுமா?

ஆகவே அடையாளங்களைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முயல்வது வீண். பிரித்தறிய நான்கு வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, அளவு. பழகிய ஒரே தூரத்தை, பழகிய ஒரே எடையை வைத்துச் சோதியுங்கள். வாழ்க்கை நெருக்கடியில் இருப்பவருக்குத் தொடங்குவதே பெரும்பாடு. ஆயினும் பத்து நிமிடம் மெதுவாக ஓடிய பின் பெரும்பாலும் உடல் இசைந்துவிடும். மனமும் சற்று இலேசாகும். பயிற்சி மிகுந்தவரின் நிலை வேறு. அவருக்கு ஓட ஆசை இருக்கும், கால் கேட்காது. நேற்று எளிதாயிருந்த வேகம் இன்று மலையாகும். இவ்வீழ்ச்சி ஒருநாள் நிகழ்ந்தால் பொருட்டல்ல, வாரக்கணக்கில் தொடர்ந்தால் பொருட்டு.

இரண்டாவது, காலம். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் கடந்த எட்டு வாரப் பயிற்சியையும் மறுபக்கம் அதே எட்டு வாரங்களில் வாழ்வில் நேர்ந்தவற்றையும் எழுதுங்கள். சோர்வு தொடங்கிய வாரத்துக்கு முன் எந்தப் பக்கம் கனத்தது? ஓட்டம் இரட்டிப்பானதா? அல்லது வேலை போனதா, தந்தை நோயுற்றாரா, தவணை தவறியதா?

மூன்றாவது, ஓய்வு. இரண்டு வாரங்களுக்குப் பயிற்சியைப் பாதிக்கும் கீழே குறைத்து, நிறைவாக உண்டு உறங்குங்கள். காரணம் பயிற்சியானால், கால்கள் உயிர்பெறுவதை அக்காலத்துக்குள் பலரும் உணர்வர். காரணம் வாழ்க்கையானால், ஜிம்மை நிறுத்தியதால் மனம் தெளியாது. உடலசைவு தந்த ஆறுதலும் போய் இன்னும் கனக்கக் கூடும்.

நான்காவது, இடம். வாழ்க்கை நெருக்கடிக்கு முகவரி உண்டு. கடன் கொடுத்தவரின் தொலைபேசி ஒலிக்கும்போது நெஞ்சு படபடக்கும். அப்பிரச்சினை தளர்ந்தால் மூச்சும் தளரும். மிகைப்பயிற்சியின் களைப்போ, கவலையற்ற பெருநாள் காலையிலும் கூடவே வந்து அமர்ந்திருக்கும்.

இவை தீர்ப்பல்ல, விசாரணை. இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, மனச்சோர்வு நோய் ஆகியவையும் இதே முகத்தோடு வரும். இரண்டு மூன்று வாரங்களில் தெளியாத சோர்வை மருத்துவரிடம் காட்டுவது கடமை. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்துப் போனாலோ, ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டாலோ ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, மறுப்புகளுக்கு வருவோம். "இது சோம்பேறிகளுக்குச் சாக்குக் கற்றுக்கொடுப்பதாகாதா?" என்று சிலர் கேட்பர். சோம்பேறியை அடையாளம் காண்பது கடினமன்று. அவன் ஓய்வு கிடைத்தால் மகிழ்வான். களைத்துப்போன உழைப்பாளியோ ஓய்வெடுக்கச் சொன்னால் அஞ்சுவான், வெட்கப்படுவான், ஒளிந்து சென்று ஓடுவான். நம் மாணவர் இரண்டாம் வகையினர். அவரைத்தான் நாம் முதல் வகையில் சேர்த்தோம்.

"பலமுள்ள முஃமினை அல்லாஹ் அதிகம் நேசிக்கிறான் அல்லவா?" என்று ஜிம்முக்குச் செல்லும் இளைஞர்கள் கேட்பர். அந்நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதுதான்; அதை நாமும் பயானில் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதே நபிமொழி, பலமுள்ளவர், பலமற்றவர் இருவரிலும் நன்மை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பாதியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து மீதியை மறப்பது முறையாகுமா?

"இபாதத்தில் ஆறுதல் இல்லையென்கிறீர்களா?" என்று நம் ஆலிம் சகோதரர்கள் சிலர் கேட்கலாம். அல்லாஹ் பாதுகாப்பானாக! தொழுகையில் ஆறுதல் உண்டு. கண்ணேறு உண்டென்றும் நம்புகிறோம். துஆவை ஒருபோதும் விட மாட்டோம். நாம் மறுப்பது, காரணம் கண்முன் இருக்கையில் அதைப் பாராமல், சோர்ந்தவனின் தலையில் பாவ உணர்வையும் ஏற்றிவிடுவதை. அபுத் தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, விருந்தாளியாகச் சென்ற ஸல்மான் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமைகள் உண்டென்று ஸல்மான் (ரலி) எடுத்துரைத்ததை நபி (ஸல்) அவர்கள் சரியென உறுதிப்படுத்தினார்கள். பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே, தொழுது களைக்கும்போது பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். இபாதத்துக்கே கயிறு கூடாதென்றால், எடை தூக்குவதற்கு ஏன்? உடல் வேண்டாமென்று கெஞ்சும்போது காஃபின் தூளைக் கரைத்துக் குடித்துவிட்டு ஜிம்முக்குள் நுழைகிறார்களே, அதுவும் ஒரு கயிறுதான்.

நம் மாணவரிடம் திரும்புவோம். கேட்க வேண்டியவற்றைப் பிறகு ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டோம். காலையில் 8 கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஜிம், வாரத்தில் ஒருநாளும் ஓய்வில்லை. இரவு 11 மணிவரை உணவு விநியோக வேலை. நள்ளிரவு தாண்டிப் படுத்து சுப்ஹுக்கு எழுந்தால் உறக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. அதற்கு மேல் தஹஜ்ஜுதையும் கூட்டச் சொன்னவர்கள் நாம்! மறுபக்கத்தில் என்ன இருந்தது? "அக்காவின் நிக்காஹுக்கு வாங்கிய கடன், ஹஜ்ரத். அத்தாவுக்கு வேலையில்லை. இந்தத் தேர்வில் தோற்றால் வேறு வழியில்லை" என்றார்.

இரண்டு பக்கமும் கனத்திருந்தன. மருத்துவரிடம் காட்டினோம், நோய் ஏதுமில்லை என்றார். மாலைப் பயிற்சியை நிறுத்தினார். ஓட்டத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். வெள்ளிக்கிழமை முழு ஓய்வு. லுஹருக்குப் பின் சிறிது உறக்கம். மூன்றாம் வாரம் 6 நிமிடம் 30 விநாடிகளில் ஓடினார். பசி திரும்பியது. ஆனால் மனத்தின் பாரம் அப்படியே இருந்தது. ஓட்டத்தைக் குறைத்ததால் கடன் குறையவில்லை அல்லவா? அதன் பிறகே ஜமாஅத் பெரியவர்களிடம் பேசி, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை பெற்று நெருக்கும் தவணைகளை அடைத்தோம். உடலின் சோர்வுக்கு ஓய்வு மருந்தானது. வாழ்க்கையின் சோர்வுக்கு ஓய்வு மருந்தாகவில்லை, மனிதர்கள் தேவைப்பட்டனர். தேர்வு இன்னும் வரவில்லை. முடிவு அல்லாஹ்விடம்.

எனவே பயிற்சியாளர்களே! உங்களிடம் வரும் இளைஞனின் எடையைக் கேட்கும்போது உறக்கத்தையும் கேளுங்கள். பெற்றோரே! பிள்ளை சோர்ந்தால் சோம்பேறி என்று அழைக்குமுன் அவன் சுமப்பது என்னவென்று பாருங்கள். ஆலிம்களே! நம்மிடம் தலைகுனிந்து வருபவர் ஈமானைப் பற்றிக் கேட்கிறாரென்றே எப்போதும் எண்ணிவிட வேண்டாம். சில வேளைகளில் அவர் தம்மையறியாமல் கேட்பது எட்டு மணி நேர உறக்கத்தை. சில வேளைகளில் கடனடைக்க ஒரு கையை. எதுவென்று கேட்டறிவது நம் பொறுப்பு.

இந்த உடலை அமானிதமாகத் தந்த அல்லாஹ், அதன் உரிமையை அறிந்து நிறைவேற்றும் அறிவையும், பிறர் சோர்வை அவசரமாகத் தீர்ப்பளிக்காத நிதானத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.