சீரியல் செட்டுக்குக் காது உண்டா?

எந்த இன்ஜினியரிங் காலேஜ் சிம்போசியத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ப்ராஜெக்ட் எக்ஸ்போ நடக்கும் ஹாலில், கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோவுக்கும் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் டப்பாவுக்கும் நடுவில் அது கட்டாயம் இருக்கும். தெர்மோகோல் அட்டையில் ஒட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப், பக்கத்தில் ஒரு லேப்டாப், லேப்டாப்பில் குத்துப்பாட்டு. பாட்டு அடிக்க அடிக்க விளக்கு மினுக்கும். மேலே சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் "இசைக்கேற்ப நடனமாடும் விளக்குகள்" என்று எழுதியிருக்கும். மொத்தக் கூட்டமும் அங்கேதான் நிற்கும்.

பாட்டை நிறுத்திவிட்டு யாராவது கை தட்டினால் போதும், குட்டு உடைந்துவிடும். கைத்தட்டலுக்கும் அது ஆடும். பக்கத்து ஸ்டால் பையன் தும்மினால் ஆடும். வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்தால், அம்மா மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது பாட்டுக்கு ஆடியதைவிட நன்றாகவே ஆடும். அந்த விளக்குக்கு இளையராஜாவும் ஒன்றுதான், மிக்ஸியும் ஒன்றுதான். இதற்கு "இசைக்கேற்ப" என்று பெயர் வைத்தது யார்?

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சின்னதாக ஒரு மைக் போர்டு. அதில் எல்.எம்.393 என்ற கம்பேரேட்டர், பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் திருகுகிற நீலநிற ப்ரீசெட். மைக்கில் வரும் வோல்டேஜ், திருகி வைத்த அளவைத் தாண்டினால் 1, தாண்டாவிட்டால் 0. அந்த 1-ஐ ஆர்டுயினோ வாங்கி விளக்கைப் போடுகிறது. ஆர்டுயினோவுக்கு இதில் தபால்காரர் வேலைதான்; ஒரு டிரான்சிஸ்டர் போட்டிருந்தால் அதுவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கும். கோட் இணையத்திலிருந்து இறக்கியது. பல நேரம் ஆளே இறக்கவில்லை, ப்ராஜெக்ட் சென்டரிலேயே இறக்கி, ரிப்போர்ட்டும் பைண்ட் செய்து, வைவாவில் சொல்ல வேண்டிய நாலு பதிலையும் மனப்பாடம் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா கட்டிய ஃபீஸ் தனி, இதற்குக் கொடுத்த காசு தனி.

இதைவிட 2000-களின் ஆரம்பத்தில் ஹாஸ்டல் ரூம்களில் நடந்தது எவ்வளவோ மேல். அப்போது ஆர்டுயினோ கிடையாது (அது 2005-இல்தான் வந்தது). இருந்தது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரும் அதன் முதுகில் 25 ஓட்டையுள்ள பிரிண்டர் போர்ட்டும். அந்த போர்ட்டில் எட்டு டேட்டா லைன். எட்டு ரெசிஸ்டர், எட்டு எல்.இ.டி., தீர்ந்தது கடை. வின்ஆம்ப் தன் விஷுவலைசேஷன் ப்ளக்இன்களுக்குப் பாட்டின் ஸ்பெக்ட்ரத்தை சானலுக்கு 576 எண்களாகப் பிரித்தே கொடுத்துவிடும். அந்த எண்களை எட்டாகச் சுருக்கி போர்ட்டில் எழுதினால் எட்டு விளக்கும் எட்டு அலைவரிசைக்கு ஆடும். விண்டோஸ் எக்ஸ்பி போர்ட்டை நேரடியாகத் தொடவிடாது, அதற்கு ஒரு டிரைவரைத் தேடிப் போட வேண்டும். தப்பாக ஷார்ட் ஆனால் மதர்போர்டே போய்விடும். இருந்தாலும் அந்தப் பையன்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது: பாட்டு ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் எண்ணாகத்தான் இருக்கிறது, அதை ஸ்பீக்கர் வழியாகக் காற்றில் விட்டு, ஃபேன் சத்தத்தோடு கலந்து, ஒரு மட்டமான மைக்கில் மறுபடி பிடிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

இன்றைக்கு அந்த வேலை இன்னும் சுலபம். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் லூப்பேக் என்ற வசதி இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை அப்படியே ஒரு ப்ரோகிராம் எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் "மானிட்டர்" என்ற பெயரில் அதே சங்கதி. மேக்கில் மட்டும் ஒரு மெய்நிகர் சவுண்ட் கார்டைப் போட வேண்டிவரலாம். பைத்தானில் நூறு வரி எழுதினால் போதும். ஆனாலும் மைக்கைத்தான் ஒட்டுகிறார்கள்!

இனிதான் வயிற்றெரிச்சல் ஆரம்பம். ஈ.சி.ஈ. படிக்கிற எவருக்கும் டி.எஸ்.பி. பேப்பர் உண்டு. அதில் 8 புள்ளி எஃப்.எஃப்.டி.க்குப் பட்டர்ஃப்ளை டயக்ராம் வரைவது ஆண்டுக்கணக்கில் 16 மார்க் கேள்வியாக வந்த சங்கதி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ட்விடில் ஃபேக்டரை எல்லாம் எழுதி, முழு மார்க் வாங்கியவர்கள் வகுப்புக்கு முப்பது பேராவது இருப்பார்கள். கூலியும் டூக்கியும் 1965-இல் எதற்காக அந்த முறையைக் கண்டுபிடித்தார்களோ, அந்த வேலையை ஒரு நிஜமான பாட்டின் மேல் செய்து பார்த்தவர் அந்த முப்பதில் ஒருவராவது தேறுவாரா? தேர்வில் எட்டுப் புள்ளி, எக்ஸ்போவில் எல்.எம்.393. இரண்டும் ஒரே பையன் பையில், இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

பார்த்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்பதுதான் விஷயம். சி.டி. தரத்தில் பாட்டு என்பது விநாடிக்கு 44,100 எண்கள். அதில் 1,024-ஐ ஒரு கொத்தாக எடுத்தால் அது சுமார் 23 மில்லிவிநாடிப் பாட்டு. எஃப்.எஃப்.டி. போட்டால் 43 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 512 பெட்டிகள் கிடைக்கும். புதிதாகச் செய்கிறவர் உடனே அந்த 512-ஐ 60 விளக்குக்குச் சமமாகப் பங்கு போடுவார். ஒரு விளக்குக்குச் சுமார் 367 ஹெர்ட்ஸ். இப்போது ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மந்திர பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ், தார பஞ்சமம் சுமார் 392 ஹெர்ட்ஸ். வித்வான் உயிரைக் கொடுத்து மேலும் கீழும் போய்வருகிற அத்தனையும் முதல் இரண்டு விளக்குக்குள் அடங்கிவிட்டது! மிச்சம் 58-இல் மேல் சுரங்களும் இரைச்சலும் லேசாக மினுங்கும். இடது ஓரம் எரியும், வலது பக்கம் இருட்டு. காதுக்கு அடுக்கு என்பது இரட்டிப்பு. 100-லிருந்து 200 எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் 5,000-லிருந்து 10,000. ஆகவே விளக்கையும் ஸ்தாயிக் கணக்கில்தான் பிரிக்க வேண்டும். லாகரிதம் எதற்கு என்று பிளஸ் ஒன்னில் கேட்டவனுக்கு இங்கே பதில் இருக்கிறது, அதுவும் கண்ணுக்கு முன்னால் எரிகிற பதில்.

சரி, பிரித்தாயிற்று. அடுத்த வழுக்கல் "பேஸ் அடித்தால் சிவப்பு". இறக்குமதியான கோடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சக்தி ஏறினால் பீட். அது மேற்கத்திய டான்ஸ் பாட்டுக்கு எழுதியது. அங்கே ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் கீழே தனியாக உட்கார்ந்து இடிக்கும். கண்டுபிடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதையே கச்சேரிக்குப் போட்டால்? மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் ஓரளவு மாட்டும். வலந்தலை மாட்டாது. சும்மா தோலை இழுத்துக் கட்டிய டிரம் போல அது வெறுமனே "டம்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. நடுவில் அப்பிய கரும்பசையால் அதன் மேல் சுரங்கள் ஒழுங்கான மடங்குகளாக விழுகின்றன என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்கள். அதாவது வலந்தலை சுருதியோடு சேர்ந்து, பாடகரின் குரல் இருக்கும் அதே இடத்தில் ஒலிக்கிறது. குரல் எது, அடி எது என்று விளக்குக்குத் தெரியாது. தம்புரா வேறு விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும். நாகஸ்வரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வாசலைத் தாண்டிய அளவு இறங்கவே இறங்காது. விளக்கு ட்யூப்லைட் மாதிரி நின்று எரியும். உடனே "நம்மூர் மியூசிக்குக்கு இது செட் ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி குத்துப்பாட்டைப் போடுவார்கள். செட் ஆகாதது கோட். மியூசிக் மேல் என்ன தப்பு?

செய்ய வேண்டியது நாலே வரி. ஒவ்வொரு கொத்திலும் எவ்வளவு சத்தம் என்று பார்க்காமல், போன கொத்தைவிட எந்தெந்தப் பெட்டியில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, ஏறியதை மட்டும் கூட்ட வேண்டும். இறங்கியதை விட்டுவிட வேண்டும். தம்புரா பெரிதாக மாறுவதில்லை, அதனால் கணக்கில் அவ்வளவாகச் சேராது. நீளமாக நிற்கும் நாகஸ்வரச் சுரம் ஆரம்பித்த நொடியில் மட்டும் சேரும். மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் சேரும். கமகம் வந்தால் கொஞ்சம் குழம்பும். அங்கேதான் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், அந்த மண்டை உடைப்புக்குப் பெயர்தான் ப்ராஜெக்ட். பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் அந்த எல்லை எண்ணை யாராலும் சரியாக வைக்க முடியாது. ப்ராஜெக்ட் சென்டர்காரருக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது.

தாமதத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மின்னல் முந்தி, இடி பிந்தி. மனுஷன் கண்ணும் காதும் அப்படியே பழகியவை. ஒளி முந்தினால் பொறுத்துக்கொள்ளும், ஒலி முந்தினால் உடனே உறுத்தும். ஒலிபரப்புக்காரர்கள் 1998-இல் வைத்த அளவுகோலில்கூட, படத்தைவிட ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்றுதான் இருக்கிறது. விளக்கோ எப்போதும் பாட்டுக்குப் பின்னால்தான் ஓடிவரும். கொத்துக்கு 23 போய்விட்டது, டபிள்யூ.எஸ்.2812 வகை ஸ்ட்ரிப்பில் ஒரு விளக்குக்கு 30 மைக்ரோவிநாடி, 300 விளக்கென்றால் 9 மில்லிவிநாடி அங்கே. மிச்சமிருப்பதில் "ஸ்மூத்தாக இருக்கட்டும்" என்று பத்துக் கொத்துக்குச் சராசரி போட்டால் எல்லாம் போச்சு. ஏறுவது சட்டென்று, இறங்குவது மெதுவாக என்று வைத்தால் ஸ்மூத்தும் இருக்கும், அடியும் தவறாது.

கரண்ட் கணக்கும் அப்படித்தான். முழு வெள்ளைக்கு ஒரு விளக்கு சுமார் 60 மில்லிஆம்பியர், 60 விளக்குக்கு 3.6 ஆம்பியர். அதை 500 மில்லிஆம்பியர் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகிவிட்டு, கடைசி விளக்குகள் ஏன் காவி நிறத்தில் எரிகின்றன என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்ச் சண்டை போடுகிறவர்களை என்ன சொல்ல!

இதையெல்லாம் சொன்னால் வரும் முதல் பதில்: "சும்மா அலங்காரம்தானே, இதுக்குப் போய் இவ்வளவா?" அலங்காரம் என்றால் தாராளமாகச் செய்யலாம். கல்யாண வீட்டில் தொங்கும் சீரியல் செட் தனக்கு இசை தெரியும் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, அதற்கு யாரும் மார்க்கும் போடுவதில்லை. ஸ்க்ரியாபின் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் 1910-இல் முடித்த 'ப்ரொமீதியஸ்' படைப்பில் விளக்குக்கென்று தனியாக ஒரு வரி சுரமே எழுதினார். அவருக்கு அது வயலினுக்கு எழுதுகிற மாதிரி ஒரு பொறுப்பு.

இரண்டாவது பதில் ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து வரும்: "எல்.இ.டி. எல்லாம் ஒரு ப்ராஜெக்டா? ஏ.ஐ., ஐ.ஓ.டி. ஏதாவது எடுப்பா." இதுதான் பெரிய அநியாயம். கணிதம், ஒலியியல், ப்ரோகிராமிங், மின்சுற்று நாலும் ஒரே மேஜையில் உட்காருகிற தலைப்பு. தப்பு நடந்தால் ரிப்போர்ட்டில் மறைக்க முடியாது, கண்ணுக்கு முன்னால் தாளம் தப்பும். அதைச் சீரியல் செட் என்று தள்ளிவிட்டு, எவனோ ட்ரெயின் செய்த மாடலை டவுன்லோட் செய்து காட்டுகிறவனைத் தட்டிக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்? டபிள்யூ.எல்.இ.டி. போன்ற இலவச மென்பொருளைப் போட்டு ஆட விடுகிறவர்களைக்கூட மன்னிக்கலாம். அது நிஜமாகவே எஃப்.எஃப்.டி. போட்டு 16 பட்டைகளாகப் பிரிக்கிறது, சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை அளவில் மாறிமாறி மின்னிய ஒரு காட்சி வந்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் குழந்தைகளை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வலைத்தளங்களுக்கே விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. சத்தம் வந்தால் 1, போனால் 0 என்று எழுதிய கோடுக்கு இப்படி ஒரு வரம்பு இருப்பதே தெரியாது. இருட்டாக்கிய ஆடிட்டோரியத்தில், வேகமான தவில் தனிக்கு, முந்நூறு விளக்கை முழு வெள்ளையில் அணைத்து அணைத்துப் போட்டால் முன்வரிசையில் வலிப்பு நோயுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று எந்த டீம் உத்தரவாதம் கொடுக்கும்? முழுதாக அணைக்காமல் பாதி வெளிச்சத்திலேயே நிறத்தை மட்டும் மெல்ல மாற்ற ஒரு வரி போதும். அந்த வரியை ஒரு சார்ட்டிலும் காணோம்.

அடுத்த வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ரிப்போர்ட்டைப் புரட்டவே வேண்டாம். பென்டிரைவில் பத்து நிமிஷ ஆலாபனை ஒன்றை எடுத்துவரட்டும், தாளவாத்தியம் இல்லாதது. அதை அந்த லேப்டாப்பில் போட்டுவிட்டு, விளக்கு என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று மட்டும் கேட்கட்டும். மைக் ஒட்டிய டீமாக இருந்தால் சீலிங் ஃபேனை ஐந்தில் வைக்கச் சொன்னாலே போதும்.