வேடந்தாங்கல் தரும் பாடம்



நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ளது வேடந்தாங்கல். வேடர்கள் தங்கிய இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். வேட்டைக்காரரின் பெயரைத் தாங்கிய அவ்வூர் பறவைகளின் புகலிடமானது எப்படி? சட்டத்தாலா? இல்லை, ஏரிக்கரை உழவர்களால்தான் என்பது என் கருத்து.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவ்வேரியில் பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டு வந்தனர். ஊரார் வாளாவிருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல் வயலுக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றதோ 1936-ல்தான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூட உரிமம் பெற்று வேட்டையாட இடம் கொடுத்தது. 1991-ல் செய்த திருத்தமே அதை நீக்கியது.

கட்டணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அனுமதித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் 1934 முதல் தனி முத்திரைத் தலை வாங்குகின்றனர். அப்பணத்தால் சதுப்பு நிலங்கள் காக்கப்படுவதும் உண்மையே. ஆனால் அங்கே நிலம் பரந்தது. வேடந்தாங்கல் ஏரியோ சுமார் 30 ஹெக்டேர்தான். நெருக்கமாகக் கூடு கட்டும் இடத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டாலும் தாய்ப்பறவைகள் குஞ்சுகளை விட்டுப் பறந்துவிடுமே! அம்முறை நமக்குப் பொருந்தாது.

2020-ல் சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது பலரும் எதிர்த்தனர். 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்பு பெற்றன. ஆயினும் பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் போதுமா? கரையில் வாழ்வோர் கண் விழித்திருக்க வேண்டும்.

நம் முட்டுக்காட்டுக் கழிமுகத்திற்கும் கொக்கும் நாரையும் இரை தேடி வருகின்றன. இங்கே துப்பாக்கி இல்லை. ஆனால் படகு பார்க்க வருவோர் எறியும் பிளாஸ்டிக் பையும், அறுந்த நைலான் வலையும் ஓசையின்றிக் கொல்லும் ஆயுதங்கள் அல்லவா? அந்த உழவர்கள் எழுதப் படிக்கக் கல்லூரி சென்றவர்கள் அல்லர். ஆயினும் தம் ஏரியைக் காத்தனர். படிக்கும் நாம் நம் கரையில் ஒரு பையையேனும் எறியாமலும், எறிபவரைத் தடுத்தும் வாழ்வோமாக!