மரக்கறிச் சந்தையும் மருந்துச் சந்தையும்

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் கரட்டின் விலை காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. லொறிகள் அதிகம் வந்தால் விழும். மழை பெய்தால் ஏறும். விலை பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போகலாம், கரட்டை விட்டுக் கத்தரிக்காயும் வாங்கலாம். அதே நகரில் மருந்தகத்துக்குச் செல்பவருக்கு இந்த வசதி கிடையாது. தெரிவு செய்பவர் வைத்தியர். பணம் கொடுப்பவர் நோயாளி. மருந்தின் விலையையும் சந்தையே தீர்மானிக்கட்டும் என்போர் இந்த வேறுபாட்டைப் பேசுவதே இல்லை.

அரை நூற்றாண்டுக்கு முன்பே அதைப் பேசியவர் பேராதனையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த மருந்து வகைகளை ஏறத்தாழ 600 ஆகக் குறைத்தார். வணிகப் பெயர்களை ஒதுக்கி, உலகெங்கும் விலைமனுக் கோரி, மலிவான இடத்தில் மொத்தமாக வாங்க வழிசெய்தார்.

பன்னாட்டு நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 1974 இல் இங்கு கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிவைத்திருந்த மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் கப்சூல்கள் செய்துதருமாறு ஃபைசர் கேட்கப்பட்டது. கொழும்பில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. ஆயினும் அது இணங்கவில்லை. கப்சூல்களை வெளிநாட்டிலிருந்து பெருஞ்செலவில் விமானத்தில் இறக்க நேர்ந்தது. தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்ததும் அமெரிக்கத் தூதுவரே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவிடம் தலையிட்டார். பேச்சு அடங்கிவிட்டது. ஒரு மாத்திரைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அரசியல்!

1977 இல் ஆட்சி மாறியது; திறந்த பொருளாதாரத்தோடு தனியார் இறக்குமதியும் திரும்பியது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அந்த ஆண்டில்தான். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டத்துக்கு நாம் 2015 வரை காத்திருந்தோம்.

எல்லாப் பழியையும் அந்நியர் தலையில் போடுவதும் நேர்மையாகாது. 2022 இல் டொலர் வற்றி, பேராதனை வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டில், அந்தத் தட்டுப்பாட்டையே சாட்டாக வைத்து, போலி ஆவணங்களுடன் தரமற்ற இமியூனோகுளோபியூலின் அரச வைத்தியசாலைகளுக்குள் நுழைந்த விவகாரம் வெடித்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அரசு வாங்கினால் மட்டும் போதாது, வாங்குவதை மக்கள் பார்க்கவும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தம்புள்ளையின் மரக்கறி மொத்த விலையை மத்திய வங்கி தனது நாளாந்த விலை அறிக்கையில் வெளியிடுகிறது. அரசு வாங்கும் ஒவ்வொரு மருந்துக்கும் அதேபோல ஓர் அறிக்கை வேண்டும்: எந்த மருந்து, யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை பேர் விலைமனுக் கொடுத்தனர் என்று. அவசரக் கொள்வனவுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்; ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.